வாய்க்காலைப் பேசிய வரலாற்று வகுப்பு

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் மாடியில் இயங்கும் ஒரு சிறிய புத்தகக் கடை, மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை வரலாற்று வகுப்பு நடத்துகிறது. கட்டணம் 50 ரூபாய். தேநீரும் சுண்டலும் அதிலேயே அடக்கம். சென்ற வகுப்பின் பொருள் கிளாரியன்: அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 1911இல் தொடங்கி ஐந்தாண்டுக்குள் கலைந்துபோன யூத விவசாயக் குடியேற்றம்.

பேசிய ஓய்வுபெற்ற ஆசிரியர் ரஷ்யாவிலிருந்து தொடங்கினார். 1882ஆம் ஆண்டுச் சட்டங்கள், அங்கே யூதர்கள் கிராமங்களில் புதிதாகக் குடியேறுவதையும் நிலம் வாங்குவதையும் தடுத்தன. தப்பி வந்தவர்களில் பலர் நியூயார்க், பிலடெல்பியா தையற்கூடங்களில் அடைபட்டார்கள். மண்ணுக்குத் திரும்புவோம் என்று, இந்தக் குடியேற்றத்துக்குத் தலைமை தாங்கிய பெஞ்சமின் பிரவுன் அவர்களைத் திரட்டினார். மாநில அரசிடம் சுமார் 6,000 ஏக்கர் தவணையில் வாங்கப்பட்டது. முதலில் 12 பேர் போனார்கள். பின்னர் குடும்பங்கள் வந்தன.

இதற்குப் பிறகு அவர் நில வரைபடத்தைச் சுவரில் காட்டி, நெடுநேரம் வாய்க்காலைப் பற்றியே பேசினார். இதற்காக மட்டுமே இந்த வகுப்புக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன். செவியர் ஆற்றுத் தண்ணீரை நெடுந்தூரம் கொண்டுவரும் பையூட் வாய்க்காலை நம்பித்தான் அவர்கள் விதைத்தார்கள். பயிருக்கு வேண்டிய நேரத்தில் போதிய தண்ணீர் வரவில்லை. பாரூர் ஏரிப் பாசனத்தின் கடைமடையில் நெல் வைத்துக் காத்திருந்தவன் நான்; மேல்மடை நிரம்பிய பிறகும் நம் வரப்புக்குத் தண்ணீர் எட்டாத வேதனை எனக்குத் தெரியும். நகரத்து ஆட்களுக்கு உழத் தெரியவில்லை, அதனால் தோற்றார்கள் என்று எளிதாக முடித்துவிடலாம். அனுபவக் குறைவு உண்மைதான். ஆனால் தண்ணீரும் நல்ல மண்ணும் இல்லாத இடத்தில் பரம்பரை விவசாயியும் என்ன செய்வான்? யூட்டாவில் பெருவாரியாக வாழும் மதப் பிரிவினரான மோர்மன் மக்கள், அக்கம்பக்கத்தவராக உதவிய செய்தி மனத்துக்கு இதமாக இருந்தது.

ஒரு குறை. கடனை அவசரமாகக் கடந்துவிட்டார்கள். தவணை கட்ட முடியாமல் 1915இல் நிலம் அரசின் கைக்கே திரும்பியதையும், அடுத்த ஆண்டுக்குள் பெரும்பாலோர் வெளியேறியதையும் இரண்டே நிமிடத்தில் சொன்னார்கள். விளைச்சல் பொய்த்த வீட்டில் தவணைத் தேதி என்ன செய்யும் என்று இந்த மாவட்டத்தில் கேட்க ஆட்கள் இருக்கிறார்கள். அதற்கு அரைமணி ஒதுக்கியிருக்கலாம். பிரவுன் யூட்டாவிலேயே தங்கிக் கோழி வளர்ப்போர் கூட்டுறவை உருவாக்கியதையும் நான் கேட்ட பிறகுதான் விளக்கினார்கள். அது தனி வகுப்புக்கே உரிய கதை.

விவசாயம் செய்பவர்கள் கட்டாயம் போகலாம். திரையில் எழுத்து சிறியது, முன்வரிசையில் உட்காருங்கள். மாடிப்படி செங்குத்தானது, முழங்கால் வலி உள்ளவர்கள் முன்பே சொன்னால் கீழ்த்தளத்தில் இடம் ஏற்பாடு செய்கிறார்கள்.