பழைய காருக்கு பிரேக் பார்ட்ஸ்: சேசிஸ் நம்பரை நம்புவதா, கழற்றிய சாம்பிளை நம்புவதா?

தர்மபுரியிலிருந்து சேலம் பக்கம் வண்டி ஓட்டுகிறவர்களுக்குத் தொப்பூர் கணவாய் இறக்கம் தெரியும். அங்கே பிரேக்கில் சந்தேகம் இருக்கக் கூடாது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என் மச்சான் பெங்களூரிலிருந்து வந்த ஒரு பழைய ஸ்விஃப்ட் வாங்கினார். இரண்டே மாதத்தில் முன் சக்கரத்தில் கரகர சத்தம். ஸ்பேர்ஸ் கடையில் "ஸ்விஃப்ட், 2011 அக்டோபர்" என்று சொல்லி பிரேக் பேட் (சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கை அழுத்தி நிறுத்தும் கட்டை) வாங்கி வந்தோம். பேடின் காது, அதாவது இருபுறமும் நீட்டியிருக்கும் முனை, காலிபர் (பேடை அழுத்தும் பாகம்) பிராக்கெட்டில் உட்காரவில்லை. மெக்கானிக் அரத்தை எடுத்து, "லேசா ராவினா உக்காந்துரும் சார்" என்றார். வேண்டாம் என்று நிறுத்திவிட்டு, சரியான பார்ட்டைத் தேடி அலைந்தோம்.

மாடல் பெயரும் வருஷமும் சொல்லி வாங்குவதுதான் எல்லோரும் செய்வது. மாடல் நடுவில் மாறாத வண்டிக்கு அது போதும். ஸ்விஃப்ட்டில் 2010-லேயே பெட்ரோல் இன்ஜின் 1.3 லிட்டரிலிருந்து 1.2 ஆனது, 2011 ஆகஸ்டில் வண்டியே புதிதாக வந்தது. மச்சான் சொன்ன அக்டோபர், பதிவான மாதம். ஆர்சி புக்கில் தயாரித்த மாதம் தனியாக இருக்கிறது, அது ஜூன். கடைக்காரர் புது டைப் என்று நினைத்துக் கொடுத்துவிட்டார். அவர் மேல் தப்பில்லை, நாங்கள் சொன்ன தகவல்தான் தப்பு.

நம்பர் பிளேட்டை வைத்து வயதைக் கணிப்பது இதைவிட மோசம். நம் ஊரில் கேஏ (கர்நாடக) வண்டிகள் நிறைய வந்து, டிஎன் 29, டிஎன் 24, டிஎன் 70 என்று மறுபதிவாகின்றன. எழுத்து வரிசை புதிது, வண்டி பழசு.

சேசிஸ் நம்பர், அதாவது ஃபேக்டரியில் ஒவ்வொரு வண்டிக்கும் குத்தும் தனி அடையாள எண், இப்படி ஏமாற்றாது. எழுத்தும் எண்ணுமாக மொத்தம் 17. மாருதி என்றால் எம்ஏ3, ஹூண்டாய் என்றால் எம்ஏஎல் என்று தொடங்கும். ஐ, ஓ, க்யூ மூன்று எழுத்தும் இதில் வராது. வட்டமாகத் தெரிவது பூஜ்யம்தான். ஆர்சியில் இருப்பதை மட்டும் எழுதிக்கொண்டு போகாதீர்கள். பானெட்டைத் திறந்தால் இன்ஜினுக்குப் பின்னால் உள்ள தகட்டிலோ, சில வண்டிகளில் முன் சீட்டுக்கு அடியிலோ குத்தியிருப்பார்கள். இரண்டும் ஒன்றுதானா என்று பார்த்து, போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கம்பெனி டீலரின் பார்ட்ஸ் கவுன்ட்டரில் இதைக் கொடுத்தால் பார்ட் நம்பர் கிடைக்கும். ஏபிஎஸ் (பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள வண்டியா இல்லாததா என்பதும் தெரிந்துவிடும். 2019 ஏப்ரலுக்கு முந்தைய வண்டிகளில் ஒரே மாடலில் இரண்டும் உண்டு. மாஸ்டர் சிலிண்டரும் (பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலை அழுத்தி அனுப்புவது) ஹப்பும் (சக்கரம் மாட்டும் நடுப்பாகம்) அதற்கேற்ப மாறும். அங்கேயே வாங்க வேண்டும் என்பதில்லை. அந்த பார்ட் நம்பருக்கு இணையானதை டிவிஎஸ் கிர்லிங், ரானே போன்ற பிராண்டுகளில் வெளிக்கடையில் கேட்டு வாங்கலாம்.

ஆனால் சேசிஸ் நம்பர் சொல்வது, ஃபேக்டரியை விட்டு வெளியே வந்த அன்றைய வண்டியைப் பற்றி. இடையில் அடிபட்டு ஹப்போ காலிபரோ மாற்றியிருந்தால் அதற்குத் தெரியாது. அங்கேதான் சாம்பிள், அதாவது வண்டியிலிருந்து கழற்றிய பழைய பார்ட், வேண்டும்.

பழசைக் கழற்றும்போது காலிபரை ஹோஸில் (பிரேக் ஆயில் வரும் ரப்பர் குழாயில்) தொங்கவிடாமல் கம்பியால் கட்டிவையுங்கள். பேடில் நீளம், உயரம், காதின் வடிவம், கிளிப் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். முதுகில் எஃப்எஃப், ஜிஜி என்று இருக்கும் இரட்டை எழுத்தைப் பார்ட் நம்பர் என்று நினைத்துவிடுகிறார்கள். அது உராய்வுத் தரம், அளவு இல்லை. டிஸ்க்கில் விட்டம், மொத்த உயரம், நடு ஓட்டை, போல்ட் ஓட்டைகளின் எண்ணிக்கை, நடுவில் காற்று போகும் இடைவெளி உண்டா இல்லையா, எல்லாம் வேண்டும். கனத்தை அளப்பதில் ஒரு சிக்கல் உண்டு. பேட் படாத வெளி ஓரம் தேயாமல் வரம்பு மாதிரி நிற்கும். வெர்னியரை (கனம் அளக்கும் கருவியை) அப்படியே வைத்தால் அந்த வரம்பின் அளவுதான் வரும். இருபுறமும் ஒரே மாதிரி நாணயம் வைத்து அளந்து, நாணயங்களின் கனத்தைக் கழித்தால் தேய்ந்த இடத்தின் நிஜ அளவு கிடைக்கும். துருவைச் சுரண்டிவிட்டு அந்த வரம்பையும் அளந்துகொள்ளுங்கள். ஏறக்குறைய புது டிஸ்க்கின் கனம் அதுதான். டிஸ்க்கில் 'மின் டிஹெச்' (குறைந்தபட்ச கனம்) என்றும், பின் டிரம்மில் 'மேக்ஸ் டயா' (அதிகபட்ச விட்டம்) என்றும் பொறித்திருப்பது தூக்கிப்போட வேண்டிய எல்லை. அதைப் புது அளவாக நினைத்துக் கடையில் சொன்னால் தப்பான சாமான் வரும்.

வீல் சிலிண்டரை (பின் டிரம்முக்குள் பிரேக் ஷூவைத் தள்ளுவது) மட்டும் கண்ணால் பார்த்து முடிவு செய்யவே கூடாது. வெளியே அச்சு அசலாக ஒன்றாக இருக்கும். உள்விட்டம் ஒன்றில் 17.46 மில்லிமீட்டர், இன்னொன்றில் 19.05 இருக்கலாம்.

ஆன்லைன் தளங்களில் மாடல், வருஷம் தேர்ந்தெடுத்து வாங்குவது, கடையில் வாய்மொழியாகச் சொல்வதற்குச் சமம். பார்ட் நம்பர் கையில் இருந்தால் அங்கேயும் வாங்கலாம்.

சேசிஸ் நம்பர் ஒன்றும் சாம்பிள் இன்னொன்றும் சொன்னால்? பேடைப் பொறுத்தவரை, இன்று வண்டியில் இருக்கும் காலிபருக்குத்தான் பேட் பொருந்த வேண்டும். ஆகவே காலிபரும் பிராக்கெட்டும் வண்டியோடு வந்தவையா என்று முதலில் பாருங்கள். மாற்றியவை என்றால் அவற்றின் அளவுப்படி பேட் வாங்குங்கள். வண்டியோடு வந்தவை என்றால் சேசிஸ் நம்பர் சொல்வதே சரி. மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டருக்கு நான் சேசிஸ் நம்பரைத்தான் நம்புவேன். அவற்றில் முன்பு யாரோ தப்பாகப் போட்டதை நாமும் தொடரக் கூடாது.

மச்சானின் வண்டியில் இரண்டும் ஒத்துப்போகவில்லை. கழற்றிய பழைய பேடைத் துடைத்து வெளிச்சத்தில் பார்த்தபோது காதில் அரம் ராவிய கோடுகள். முன்பு வைத்திருந்த யாரோ இதே வேலையைச் செய்திருக்கிறார். காலிபர் வண்டியோடு வந்ததுதான். சேசிஸ் நம்பர் கொடுத்து வாங்கிய பேடைக் கையால் தள்ளியதும் பிராக்கெட்டில் வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது.