டேட்டா கவர்னன்ஸ்: சாவி ஒரே டீம் கையிலயா, டீமுக்கு ஒண்ணா?

கம்பெனி டேட்டாவுக்கு யார் பொறுப்பு, என்ன ரூல்னு வகுக்கற டேட்டா கவர்னன்ஸைக் கொண்டு வரணும்னு மேல முடிவு பண்ணின மறுநாளே டூல் டெமோ பாக்க உக்காந்துடுறாங்க. ஒரு விஷயத்துல ரெண்டு டீமுக்கு ஒத்து வரலன்னா யார் பேச்சு செல்லும்னு அதுக்கு முன்னாடி பேசி முடிக்கணும், அதை மட்டும் யாரும் தொடறதில்ல.

மொதல்ல சென்ட்ரல் டீம் முறை. ஆடிட்னு வந்தா இது தான் கில்லி. ஐரோப்பாவோட தனிநபர் டேட்டா பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர் படி, ஆபத்தான டேட்டா லீக்னா தெரிஞ்ச 72 மணி நேரத்துக்குள்ள ரெகுலேட்டருக்குச் சொல்லணும், அந்த நேரத்துல போய் "இந்த டேபிள் யாருது?"ன்னு சாட்ல கேட்டுட்டிருக்க முடியாது. ஆனா டேபிள்ல புதுசா ஒரு காலம் (column) சேக்கறதுக்கே டிக்கெட் போட்டு வாரக்கணக்குல காத்துக் கிடக்கணும்னா, அவனவன் எக்ஸெல்ல இறக்கி தனிக்கடை போட்டுடுவான்.

அடுத்தது அவங்கவங்க டேட்டாவை அவங்கவங்களே பாத்துக்கறது. வேகம் இருக்கு, ஒத்துக்கறேன். ஆனா மார்க்கெட்டிங்ல 30 நாள்ல ஆப்பைத் திறந்தவன் ஆக்டிவ் கஸ்டமர், ஃபைனான்ஸ்ல 90 நாள்ல காசு கட்டினவன் ஆக்டிவ் கஸ்டமர், ரெண்டு நம்பரும் ஒரே மீட்டிங்ல ஸ்லைடுல வரும்போது பாக்கணுமே வேடிக்கை! டேட்டாவை அந்தந்த டீமே பாத்துக்கணும்ங்கற டேட்டா மெஷ் பத்தி 2019ல சாஃப்ட்வேர் ஆலோசகர் ஜமக் தெகானி எழுதினதைக் காட்டி இதை நியாயப்படுத்துவாங்க, தெகானி வகுத்த நாலு கொள்கைல ஒண்ணே எல்லா டீமும் சேர்ந்து பொது ரூல் போடறது தான், அது மட்டும் வசதியா மறந்து போயிடும்.

என் ஓட்டு ரெண்டும் கலந்த ஃபெடரேட்டட் முறைக்கு. கஸ்டமர், வருமானம் மாதிரி பல டீம் தொடற வார்த்தைகளுக்கு அர்த்தம் சென்ட்ரல்ல, மத்தது அந்தந்த டீம்ல. ஏன்னா, ஃபார்ம்ல பிறந்த தேதி கட்டாயம்னு வெச்சதால கஸ்டமர்ல பாதிப் பேர் 1900 ஜனவரி 1ல பொறந்திருப்பாங்க, அவசரத்துல அப்படி அடிக்கறாங்கன்னு அந்த ஃபார்ம் பக்கத்துல இருக்கறவங்களுக்குத் தான் தெரியும், சென்ட்ரல் டீம் எத்தனை டாஷ்போர்டு போட்டாலும் சரி பண்ண முடியாது. சின்ன கம்பெனின்னா இவ்வளவு வேணாம், சென்ட்ரலே போதும். பேங்க்னா சென்ட்ரல் பக்கம் கொஞ்சம் சாயணும், 2008 நெருக்கடில பல பேங்குக்கு தன் ரிஸ்க் மொத்தம் எவ்வளவுன்னே சட்டுனு கூட்டிச் சொல்ல முடியல, அதனால தான் 2013ல பேங்குகளுக்கு உலக அளவுல விதிமுறை வகுக்கற பாசெல் கமிட்டி, ரிஸ்க் டேட்டாவைக் கூட்டிச் சொல்றதுக்கான பிசிபிஎஸ் 239 கொள்கைகளைக் கொண்டு வந்தாங்க.

ஆனா இந்த முறை பெரும்பாலும் படுக்கறது டேட்டா ஸ்டூவர்டு, அதாவது ஒவ்வொரு டீம்லயும் டேட்டாவுக்குப் பொறுப்பா நியமிக்கற ஆள் விஷயத்துல. ஏற்கனவே தலைக்கு மேல வேலை இருக்கற ஆளுக்கு பட்டத்தை மட்டும் குடுத்துட்டு பழைய வேலைல ஒரு மணி நேரம் கூடக் குறைக்காம விட்டா, மூணாவது மீட்டிங்ல சென்ட்ரல் டீம் மட்டும் தான் உக்காந்திருக்கும்.