எர்த் நல்ஸ்கூல் காற்று வரைபடம்: அட்சரேகையைப் படிக்க எவ்வளவு உதவும்?

கேமரூன் பெக்காரியோ உருவாக்கிய இந்த இணையதளம் இலவசம். கணக்குத் தொடங்கவும் தேவையில்லை. திறந்ததும் சுழலும் பூமியின் மேல் காற்று கோடு கோடாக ஓடும். அழகில் மயங்கி ஐந்து நிமிடத்தில் மூடிவிடுபவர்கள்தான் அதிகம். எந்த அட்சரேகையில், எந்த மாதத்தில் பார்க்க வேண்டும் என்று தெரிந்து திறந்தால், பாய்மரக் கப்பல்கள் ஏன் நேர்வழியை விட்டுச் சுற்றிப் போயின என்பதற்கு இதைவிட நல்ல ஆசிரியர் கிடைப்பது கடினம்.

இடது கீழ் மூலையில் உள்ள 'எர்த்' என்ற சொல்லைத் தொட்டால் பட்டியல் விரியும். முதலில் மாற்ற வேண்டியது வரைபட வடிவம். உருண்டையில் அட்சரேகைகள் வளைந்து தெரிவதால் ஒப்பிடுவது சிரமம். 'இ' என்ற ஆங்கில எழுத்தைத் தேர்ந்தால் அவை நேர்க்கோடுகளாகும். துருவப் பகுதிகள் அகன்று தெரியும், பரவாயில்லை. அடுத்து ஓரிடத்தைத் தொட்டால் அதன் அட்சரேகை, தீர்க்கரேகை, காற்றின் திசை, வேகம் நான்கும் எண்ணாக வரும். திசை எண் காற்று எங்கிருந்து வருகிறது என்பதைக் குறிக்கும். 90° என்றால் கிழக்கிலிருந்து வருகிறது. இதைத் தலைகீழாக எடுத்துக்கொண்டால் எல்லாமே குழம்பிவிடும். கோடுகள் ஓடும் வேகத்தை நம்ப வேண்டாம், எண்தான் கணக்கு.

முதல் சோதனை, பாடப்புத்தகத்தின் காற்று மண்டலங்கள். நிலநடுக்கோட்டருகே வெயில் செங்குத்தாக விழுகிறது. சம இரவு நாளின் நண்பகலில் 60° அட்சரேகையில் அதே வெயில் இரு மடங்கு பரப்பில் சிதறுகிறது. சூடான காற்று நடுக்கோட்டருகே மேலெழுந்து, 30° வாக்கில் கீழிறங்குகிறது. சகாராவும் கலகாரியும் பாலைவனமாக இருப்பதற்கு இது முக்கியக் காரணம். இறங்கிய காற்று நடுக்கோட்டை நோக்கித் திரும்பும்போது பூமியின் சுழற்சியால் விலகி, கிழக்கிலிருந்து வீசும் வியாபாரக் காற்றாகிறது. ஆனால் ஒரு நாள் படத்தைத் திறந்து இதைத் தேடினால் ஏமாற்றம்தான். 30° முதல் 60° வரை, மேற்கிலிருந்து வீசும் மேற்கத்தியக் காற்றுக்குப் பதில் சுழல் சுழலாகப் புயல்கள்தான் தெரியும். மண்டலங்கள் நீண்டகாலச் சராசரி. இந்தத் தளம் காட்டுவது ஒரு கணம். சராசரிப் படம் இல்லாதது இதன் பெரிய குறை. ஒரே இடத்தைக் குறித்து, நாளுக்கு ஒரு படமாக இருபது நாள் நகர்த்தித் திசைகளை எழுதிவைத்தால் போக்கு புலப்படும்.

தளம் உண்மையிலேயே ஜொலிக்குமிடம் அரபிக்கடல். முகவரிப் பட்டையில் 'கரன்ட்' என்ற சொல்லை நீக்கி ஆண்டு, மாதம், தேதி, கிரீன்விச் நேரத்தை இட்டால் பழைய படம் வரும். ஜூலை நாள் ஒன்றை எடுங்கள். மடகாஸ்கருக்குக் கிழக்கே 15° தெற்கில் காற்று தென்கிழக்கிலிருந்து வரும். ஆப்பிரிக்கக் கரையை ஒட்டி நடுக்கோட்டைத் தாண்டும் இடத்தில் ஏறத்தாழத் தெற்கிலிருந்து. 10° வடக்கில், சோமாலியாவுக்குக் கிழக்கே, தென்மேற்கிலிருந்து. பூமியின் சுழற்சியால் எழும் கொரியாலிஸ் விசை தெற்கில் காற்றை இடப்பக்கம் விலக்கியது, நடுக்கோட்டைக் கடந்ததும் வலப்பக்கம் விலக்குவதை மூன்று தொடுகையில் பார்த்துவிடலாம். உயரத்தை 850 ஹெக்டோபாஸ்கலுக்கு (காற்றழுத்த அலகு) மாற்றினால், சுமார் ஒன்றரை கிலோமீட்டர் மேலே, அதே ஓட்டம் இன்னும் வலுவாகத் தெரியும்.

பிறகு அக்டோபர் நடுவுக்குப் போங்கள். பெரும்பாலான ஆண்டுகளில் அதே கடலில் காற்று தளர்ந்து, திசை தடுமாறிக் கிடக்கும். வாஸ்கோ ட காமா 1498 ஏப்ரல் 24 அன்று கிழக்கு ஆப்பிரிக்காவின் மாலிந்தியிலிருந்து கிளம்பி, வழிகாட்டி ஒருவரின் துணையோடு மே 20 அன்று கோழிக்கோட்டருகே சேர்ந்தார். திரும்பும்போது வடகிழக்குப் பருவக்காற்று நிலைகொள்ளும்வரை காத்திருக்காமல் அக்டோபர் 5 அன்று கோவாவுக்குத் தெற்கே உள்ள அஞ்சதீவிலிருந்து புறப்பட்டதால், ஆப்பிரிக்கக் கரையைக் காண ஏறக்குறைய மூன்று மாதம் ஆனது. வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோயில் மாலுமிகள் பலர் மாண்டனர். இரண்டு தேதிப் படங்களையும் அருகருகே வைத்தால் அந்தத் துயரத்தின் காரணம் கண்ணுக்கே தெரியும். காப்பகம் 2013-க்குப் பிந்தையது என்பதால் 1498-ன் வானிலை கிடைக்காது, பருவத்தின் குணம் மட்டும் கிடைக்கும்.

அட்லாண்டிக்கில் கொலம்பஸின் போக்கும் வரவும் இதே முறையில் விளங்கும்: 1492-ல் கேனரித் தீவுகளருகே, சுமார் 28° வடக்கில், பின்னாலிருந்து தள்ளும் வியாபாரக் காற்று, 1493-ல் திரும்புகையில் அசோர்ஸ் இருக்கும் 37° வரை ஏறிப் பிடித்த மேற்கத்தியக் காற்று. பூமியின் தென்பாதியில் 40°-ஐப் பாருங்கள், நிலம் அதிகம் குறுக்கிடாததால் காற்று அசுர வேகம் எடுக்கும். 1611-ல் டச்சு மாலுமி ஹென்ட்ரிக் பிரௌவர் அந்த வழியாகத்தான் ஜாவாவுக்கான பயண நாட்களைப் பாதியாகக் குறைத்தார். அக்கால மாலுமிகள் சூரிய உயரத்தை அளந்து அட்சரேகையை அறிந்தார்கள். தீர்க்கரேகையைத் துல்லியமாக அறிய அன்று வழியில்லை. வடக்கே திரும்ப வேண்டிய இடம் தவறிய பட்டேவியா என்ற டச்சுக் கப்பல் 1629-ல் ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரைக்கு அப்பால் பவளப்பாறையில் மோதியது.

வெப்பநிலை அடுக்கும் பயனுள்ளதே, அட்சரேகை மட்டுமே தட்பவெப்பத்தைத் தீர்மானிப்பதில்லை என்று அது காட்டும். ஜனவரியில் 58° வடக்கில் ஸ்காட்லாந்துக் கரையையும் கனடாவின் லாப்ரடாரையும் தொட்டுப் பாருங்கள். முன்னதில் கடல் வெப்பத்தைச் சுமந்துவரும் மேற்குக் காற்று, பின்னதில் உறைந்த நிலத்திலிருந்து வரும் அதே மேற்குக் காற்று.

காட்டப்படும் காற்று கணினி மாதிரியின் கணக்கீடு, நேரடி அளவீடு அல்ல. மூன்று மணி நேரத்துக்கு ஒரு படம். குன்றுகளுக்கிடையே, கரையோரத்தில் வீசும் சிறு காற்றுகளை இதில் தேட வேண்டாம். பழைய கைபேசியில் இயக்கம் திணறும், மின்கலமும் சீக்கிரம் இறங்கும். திசைகளைக் குறித்துக்கொண்டு படிக்கப் பெரிய திரையே ஏற்றது.