பிரிட்ரெயில் பாஸ்: ஊர் ஊரா சுத்தறவங்களுக்கு அருமை

கும்மோணத்துலேர்ந்து அப்பா அம்மாவ கூட்டிட்டு லண்டன், யார்க், எடின்பரோ போக பிரிட்ரெயில் ஃப்ளெக்ஸி பாஸ் (பிரிட்டனுக்கு சுத்திப் பாக்க வர்ற வெளிநாட்டுக்காரங்களுக்கான ரயில் பாஸ்) எடுத்தோம், எத்தன நாளுக்கு வாங்கறமோ அத்தன நாள், ஒரு மாசத்துக்குள்ள நமக்கு தோதான நாள்ல ஏறிக்கலாம், பீக் டைம் பாக்க வேண்டாம், ஒண்ண விட்டா அடுத்த ரயில்ல போகலாம், வயசானவங்களோட போறப்ப அந்த நிம்மதிக்கே காசு குடுக்கலாங்க. நம்மூர்லேர்ந்து கெளம்பறதுக்கு முன்னாடியே ஆன்லைன்ல வாங்கிடுங்க. அங்க குடியிருக்கற சொந்தக்காரங்களுக்கு இது கிடையாது. லண்டன் அண்டர்கிரவுண்டுக்கும் (அந்த ஊர் மெட்ரோ ரயில்) வடக்கு அயர்லாந்துக்கும் செல்லாது.

ஆனா ரெண்டு மூணு ஊர்தான், தேதியும் முடிவாயிடுச்சுன்னா பாஸ் வேணாம், உழவன் எக்ஸ்பிரஸுக்கு முன்கூட்டியே போடற மாதிரி சுமார் 12 வாரம் முன்னாடி அட்வான்ஸ் டிக்கெட் (குறிப்பிட்ட ரயிலுக்கு மட்டும் செல்லற மலிவு டிக்கெட்) பாருங்க, 60 வயசானவங்களுக்கு சீனியர் ரெயில்கார்டு இருந்தா மூணுல ஒரு பங்கு குறையும்.