தனி அடுப்பு வைத்த மரப் புகையறை: வீட்டில் கட்டத் தகுந்ததா?

கொல்லையில் கறிக்குப் புகையூட்ட மூன்று விதமான அமைப்புகள் புழக்கத்தில் இருக்கின்றன. 200 லிட்டர் இரும்பு டிரம், அடித்தட்டிலேயே கங்கு வைக்கும் தகர அலமாரி, அடுப்பு ஓரிடத்திலும் அறை வேறிடத்திலுமாக நடுவே குழாய் ஓடும் மரப் புகையறை. அதிக வேலை வாங்குவது மூன்றாவதுதான். இருந்தும் எங்கள் ஓட்டு அதற்கே.

டிரம்மில் புகையைக் கூட்டப் போனால் சூடும் சேர்ந்து ஏறும். உருகும் கொழுப்பு நேரே கங்கில் சொட்டிக் குபீரென்று பற்றிக்கொள்ளும், கறியில் கரி அப்பும். தனி அடுப்பில் இந்தத் தொல்லை இல்லை. குழாயில் வரும்போதே புகை ஆறுகிறது. புகையிலுள்ள ஒட்டும் கரும்பிசினான தாரில் ஒரு பங்கும் சாம்பலும் வழியிலேயே படிந்துவிடுகின்றன. அறைச் சூட்டை 30 டிகிரி செல்சியஸுக்குள் அடக்கிக் குளிர்புகை போடுவது டிரம்முக்கு வசப்படாத வேலை. தனி அடுப்பு அமைப்புக்கு அது இயல்பான வேலை. பழைய ஃப்ரிட்ஜ் பெட்டியைப் புகையறையாக மாற்றுவோரும் உண்டு. உள்ளே இருக்கும் பிளாஸ்டிக்கும் நுரையும் சூட்டில் இளகி நச்சு வாயு விடும். அந்த யோசனையையே விட்டுவிடுங்கள்.

அறையின் உள்ளளவு நீளம் 60, அகலம் 60, உயரம் 150 செ.மீ. இருந்தால் ஒரு குடும்பத்துக்குப் போதும். கீழிருந்து 45 செ.மீ. வரை செங்கல், அதற்கு மேல் 25 மி.மீ. கனமுள்ள பலகை. பலகையில் பெயின்ட், வார்னிஷ், கரையான் மருந்து எதுவும் ஏறியிருக்கக் கூடாது. பிளைவுட் வேண்டாம், அதன் பசை புகையோடு கறியில் சேரும். கறி தொங்கவிட எஸ்.எஸ். கம்பிகள். தீப்படும் இடத்திலும் கறி படும் இடத்திலும் துத்தநாகம் பூசிய ஜி.ஐ. இரும்புத் தகடோ குழாயோ கூடாது. கடுஞ்சூட்டில் அதன் துத்தநாகப் பூச்சு உரிந்து ஆவியாகும். அந்த ஆவியை மூச்சில் இழுத்தால் காய்ச்சல் வரும்.

அடுப்பைத் தீச்செங்கல்லில் கட்டுங்கள். வெறும் சிமென்ட் கலவை சில தடவையிலேயே வெடித்து உதிரும். தீக்களிமண் கலவைதான் நிற்கும். ஆற்றங்கரைக் கற்களை அடுக்காதீர்கள். உள்ளே தங்கிய ஈரம் நீராவியாகி, கல் துண்டு துண்டாகத் தெறிக்கும்.

இந்த அமைப்பின் உயிர் குழாயில் இருக்கிறது. விட்டம் 150 மி.மீ., நீளம் 2.5 மீட்டர், அடுப்பிலிருந்து அறை நோக்கி மெல்ல ஏறும் சரிவு. சரிவு தலைகீழானால் புகை அடுப்பு வாய் வழியாகவே திரும்பி வரும். குழாய் அறைக்குள் திறக்கும் துளைக்கு மேல் நான்கு செங்கல் வைத்து, 3 மி.மீ. இரும்புத் தகட்டைப் பரப்புங்கள். புகை ஒரே தூணாக எழும்பாமல் நான்கு பக்கமும் பிரியும், கொழுப்பும் குழாய்க்குள் விழாது. அடிவரிசைக் கறி இந்தத் தகட்டிலிருந்து 40 செ.மீ. உயரத்தில் தொங்கட்டும்.

மேலே 100 மி.மீ. புகைபோக்கி. புகையைச் சேமிக்கிறோம் என்று அதை மூடுவதுதான் பலரும் செய்யும் பெரிய தவறு. தேங்கிய புகை குளிர்ந்து, கறுத்த பிசினாகக் கறிமேல் வடியும். அந்தக் கசப்பை எந்த மசாலாவாலும் மறைக்க முடியாது. புகைபோக்கியைப் பாதிக்குமேல் மூடவே கூடாது. தீயை அடக்க வேண்டுமானால் அடுப்பின் காற்று வாயைக் குறுக்குங்கள். வெளியேறும் புகை மெலிந்து நீலம் பாய்ந்திருந்தால் கறியை ஏற்றலாம். மஞ்சளும் வெள்ளையுமாகத் திரண்டு வந்தால் விறகில் ஈரம் இருக்கிறது, அல்லது தீக்குக் காற்று போதவில்லை.

விறகு ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே காய்ந்த கடின மரமாக இருக்க வேண்டும். ஓக், ஆப்பிள், மா, கொய்யா நன்றாக வேலை செய்யும். பைன் போன்ற பிசின் மரம் கரி அப்பும், அரளி நஞ்சு. சீவல்களைத் தண்ணீரில் ஊறவைப்பதில் பயனில்லை. அந்த நீர் ஆவியாகித் தீரும் வரை நல்ல புகையே வராது.

குறை என்று சொன்னால், கறியை வேகவைத்தே புகையூட்டும் வெப்பப்புகைக்கு இது சோம்பல். 2.5 மீட்டர் குழாயில் சூடு வீணாவதால் அறையை 110 டிகிரிக்கு ஏற்றுவது பெரும்பாடு. கழற்றி மாட்டும் துண்டுகளாகக் குழாயைத் தரைக்கு மேலேயே அமைத்து, அடுப்பையும் நகர்த்தும்படி வைத்தால் வெப்பப்புகைக்கு 1 மீட்டர் போதும். கதவில் பதிக்கும் வட்ட வெப்பமானியை நம்பாதீர்கள், அது கதவோரத்துச் சூட்டைத்தான் காட்டும். கறி தொங்கும் உயரத்தில் ஒரு முனை, கறியின் நடுவில் ஒரு முனை என இரட்டை முனை டிஜிட்டல் கருவி கட்டாயம் வேண்டும். பெரிய துண்டானால் கறியின் உட்சூடு 65 முதல் 75 டிகிரிக்குள் மணிக்கணக்கில் நகராமல் நிற்கும். மேற்பரப்பில் ஈரம் ஆவியாகிக் குளிர்விப்பதுதான் காரணம். பதறித் தீயை ஏற்றினால் மேற்பரப்பு தோல்போல் இறுகிக் காயும். முழுத்துண்டு ஆடு, மாடு, பன்றிக்கு 63 டிகிரி எட்டியபின் 3 நிமிடம் ஆறவிடுதல், கொத்துக்கறிக்கு 71, கோழிக்கு 74. இவற்றுக்குக் குறைந்தால் எடுக்கக் கூடாது.

குளிர்புகையில் கறி வேகாது. காற்றுக் குறைந்த, மிதமான சூட்டில், உயிர்க்கொல்லி நஞ்சை உண்டாக்கும் பொட்டுலிசக் கிருமி வளர இடமுண்டு. எனவே 6.25 சதவீதம் சோடியம் நைட்ரைட் கலந்த பதனிடும் உப்பு கிலோவுக்கு 2.5 கிராம், சாதா உப்பு 22.5 கிராம் சேர்த்துப் பிசறி, 4 டிகிரிக்குக் கீழே ஃப்ரிட்ஜில் வையுங்கள். 5 செ.மீ. கனத் துண்டுக்கு ஒரு வாரம். 0.1 கிராம் காட்டும் தராசில்தான் நிறுக்க வேண்டும், கரண்டி அளவு ஆகாது. நைட்ரைட் கூடினால் அதுவே நஞ்சு. பிறகு கழுவித் துடைத்து, ஃப்ரிட்ஜிலேயே ஓரிரவு திறந்தபடி காயவிடுங்கள். தொட்டால் லேசாக ஒட்டும் படலம் வந்தபின்தான் புகை சீராகப் பிடிக்கும். ஈரத்தோடு ஏற்றினால் கோடு கோடாகக் கறுக்கும். வெளிக்காற்று 25 டிகிரியைத் தாண்டும் நாளில் குளிர்புகை வேண்டாம். புகையூட்டிய கறியைத் திரும்ப ஃப்ரிட்ஜில் வைத்து, சமைத்தே உண்ணுங்கள்.

கறி ஏற்றுவதற்கு முன் ஒருமுறை வெறும் அறையில் 3 மணி நேரம் தீமூட்டினால் இரும்பிலுள்ள எண்ணெயும் கலவையின் ஈரமும் போய்விடும். வீட்டுச் சுவரிலிருந்து 3 மீட்டராவது தள்ளிக் கட்டுங்கள். கூரைபோட்டு அடைத்த இடத்தில் கார்பன் மோனாக்சைடு தேங்கும். குழாயில் படியும் தார் எளிதில் தீப்பற்றக்கூடியது, நாலைந்து தடவைக்கு ஒருமுறை கம்பி பிரஷ் விட்டுச் சுரண்டி எடுத்துவிட வேண்டும்.