பெரியப்பாவும் வீடியோடெக்ஸ்டும்: பல வருடப் பாவனையில் கண்டவை

ஜேர்மனியில் உங்கள் வீட்டிலும் ரிமோட்டில் 100 அடித்துச் செய்தி வாசிக்கிற ஒரு மூத்தவர் இருந்தால், இது உங்களுக்குத்தான். ரீவி ஒளிபரப்போடு எழுத்துப் பக்கங்களாக வருகிற, எண் அடித்துத் திறக்கிற வீடியோடெக்ஸ்ட் சேவை நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. அதைப் பார்க்கிற வழியைத்தான் புதுப் பெட்டியும் புது ரிமோட்டும் ஒவ்வொன்றாக அடைக்கின்றன. என் பெரியப்பாவுக்கு அந்த வழியைத் திறந்து வைத்திருப்பது என் பொறுப்பாகி வருடக்கணக்காகிறது.

பெரியப்பா எண்பதுகளில் வந்தவர், ரூர் பகுதியில் இருக்கிறார். வேலை செய்ய அனுமதி கிடைக்காத அந்த முதல் காலத்தில் வீடியோடெக்ஸ்டை வாசித்துத்தான் டொச் மொழி (ஜேர்மன்) பிடித்தார். ரீவியில் செய்தி வாசிப்பவர் கடகடவென்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். எழுத்து அங்கேயே நிற்கும், அகராதியைப் புரட்ட நேரம் தரும். ஜேர்மனியின் பொது ஒளிபரப்பு நிறுவனங்களான ஏ.ஆர்.டி.யும் இசட்.டி.எஃப்.பும் 1980 ஜூன் 1 அன்று சோதனையாகத் தொடங்கிய சேவை அது. ஒரு வரிக்கு 40 எழுத்து, எண்ணிச் சொல்லக்கூடிய சில நிறங்கள், 100 முதல் 899 வரை பக்கங்கள். இன்றும் ஏறக்குறைய அதே உருவம்தான். காலையில் 100, அப்புறம் காலநிலை, சனிக்கிழமை பின்னேரம் 200இல் பந்தய முடிவுகள், இரவுக்கு 300இல் நிகழ்ச்சி நிரல். ஹம் நகரத்துக் காமாட்சி அம்மன் கோயில் தேர் வருகிற கிழமை என்றால் காலநிலைப் பக்கத்தை விட்டு நகரவே மாட்டார்.

பெரிய சிக்கல் 2024இல் வந்தது. அந்த வருடம் ஜூலையிலிருந்து கேபிள் கட்டணத்தை வாடகையின் மேல்செலவோடு சேர்த்து வாங்க வீட்டுக்காரருக்கு உரிமை இல்லாமல் போனது. 'இனி ஏன் கேபிள்' என்று பெரியப்பாவின் மகன் இணையவழி ரீவிச் சந்தா ஒன்றை எடுத்து, அதற்கான ஒரு சின்னக் குச்சி போன்ற கருவியை ரீவியின் பின்னால் செருகிவிட்டுப் போனான். படம் அருமை, கட்டணமும் குறைவு. ஆனால் டெக்ஸ்ட் இல்லை, கூட வந்த ரிமோட்டில் எண்களே இல்லை. அனலாக் காலத்தில் டெக்ஸ்ட் படத்தின் கண்ணுக்குத் தெரியாத வரிகளில் ஏறி வந்தது. இப்போது சாட்டிலைட், கேபிள் ஒளிபரப்பில் படத்தோடு தனித் தரவாக வருகிறது. இணையவழிச் சந்தாக்கள் பெரும்பாலும் அதைக் கழற்றிவிட்டுப் படத்தை மட்டும் அனுப்புகின்றன. அந்த நாள்களில் பெரியப்பா புகார் எதுவும் சொல்லவில்லை. ரீவி போடுவதையே குறைத்துவிட்டார். அதைப் பார்த்துத்தான் அவர் பெயரிலேயே தனிக் கேபிள் ஒப்பந்தம் எடுத்தோம். குச்சி இன்னும் பின்னால் தொங்குகிறது, தமிழ்ச் சேனல்களுக்குப் பெரியம்மா பாவிக்கிறார்.

அடுத்தது பலருக்குத் தெரியாத விஷயம். ஒளிபரப்பை வாங்கத் தனிப் பெட்டி (ரிசீவர்) வைத்து அதை எச்டிஎம்ஐ வயரால் ரீவியோடு இணைத்திருந்தால், ரீவி ரிமோட்டின் டெக்ஸ்ட் விசையை அழுத்திப் பயனில்லை. அந்த வயரில் படமும் ஒலியும் வரும், டெக்ஸ்ட் வராது. பெட்டியே டெக்ஸ்டை விரித்துக் காட்ட வேண்டும், பெட்டியின் ரிமோட்டில்தான் அழுத்த வேண்டும். இரண்டு ரிமோட்டில் எது எதற்கு என்று எண்பதை நெருங்குகிறவருக்குத் தினமும் விளக்கிக்கொண்டிருக்க முடியாது. அதனால் கேபிள் வயரை நேராக ரீவியிலேயே செருகிப் பெட்டியைத் தூக்கிவிட்டோம். இத்தனை வருடத்தில் நான் செய்த நல்ல வேலை இது ஒன்றுதான் என்று பெரியம்மா சொல்வார்.

ரிமோட் கதை தனி. முதியோருக்கென்று பெரிய விசைகளோடு விற்கிறார்களே, அதில் ஒன்றை ஆசையாக வாங்கிக் கொடுத்தோம். ஒலி, சேனல், அணைக்கும் விசை, அவ்வளவுதான்; டெக்ஸ்ட் விசை இல்லை. யாருக்காகச் செய்தார்களோ அவர்கள் அதிகம் அழுத்துகிற விசையையே எடுத்துவிட்டிருக்கிறார்கள்! இப்போது இருப்பது ரீவியோடு வந்த ரிமோட்தான். டெக்ஸ்ட் விசையில் வெள்ளை நகப்பூச்சு ஒரு பொட்டு. கண்ணாடி போடாமலே விரல் கண்டுபிடிக்கும்.

டெக்ஸ்ட் திரையில் வந்தபிறகு மூத்தவர்களைப் படுத்துவது துணைப் பக்கங்கள். ஒரு எண்ணின் கீழ் மூன்று நான்கு பக்கங்கள் தானாக மாறிக்கொண்டே இருக்கும். பாதி வாசிக்கும்போதே அடுத்தது வந்துவிடும். "பிள்ளை, உது ஓடிப்போச்சுது" என்று ஒவ்வொரு முறையும் ரீவியைப் பார்த்துச் சொல்வார். பக்கத்தை நிறுத்தி வைக்கிற விசை பழைய ரிமோட்டுகளில் தெளிவாக இருந்தது. இவருடையதில் வேறொரு விசையின் மேல் கண்ணுக்கே தெரியாத குறியாக இருக்கிறது. அதற்கும் ஒரு பொட்டு வைத்தேன், சிவப்பு. எழுத்தைப் பெரிதாக்கும் விசையும் அவருக்குப் பிடிக்கும். முதல் அழுத்தில் மேல்பாதி முழுத் திரைக்கும் விரியும், அடுத்ததில் கீழ்பாதி, மூன்றாவதில் பழையபடி. வசன எழுத்துக்கு ஏ.ஆர்.டி.யில் 150, இசட்.டி.எஃப்.பில் 777. காது மந்தமாகத் தொடங்கியபிறகு இந்த இரண்டு எண்களும்தான் அவருடைய இரவுகளைக் காப்பாற்றுகின்றன. ரீவியின் அமைப்புக்குள் போய் வசன எழுத்தைத் தேடு என்றால் தேட மாட்டார். எண் சொன்னால் அடிப்பார்.

இன்னொன்று, ரிமோட்டிலேயே சிவப்பு நிறத்தில் இருக்கிற விசையில் (நான் பொட்டு வைத்தது அல்ல) வருகிற இணைய வசதி. ரீவி இணையத்தோடு இணைந்திருந்தால் அதை அழுத்தியதும் சேனலின் அழகான புதுப் பட்டியல் திறக்கும். அதிலும் டெக்ஸ்ட் இருக்கிறது, எழுத்தும் நன்றாகவே இருக்கிறது. ஆனால் திறக்க நேரம் எடுக்கும், இணையம் நின்றால் அதுவும் நிற்கும். தவறிக் கை பட்டுவிட்டால் வெளியே வரத் தெரியாமல் பெரியப்பா ரீவியையே அணைத்துவிடுவார். அமைப்பில் அதை முடக்கிவிட்டேன். உங்கள் வீட்டு மூத்தவருக்கு அது பிடித்திருந்தால் விட்டுவிடுங்கள், எனக்கு அதில் கோபம் ஒன்றும் இல்லை.

கைபேசியில் ஏ.ஆர்.டி. டெக்ஸ்ட் செயலி இருக்கிறது, அதே பக்கங்கள், அதே எண்கள். பெரியப்பாவுக்கு அது வேண்டாம், எனக்குத்தான் வேண்டும். அவர் தொலைபேசியில் கூப்பிட்டு "ஏதோ வந்து நிக்குது" என்றால் நான் இங்கே அதே பக்கத்தைத் திறந்து, "மேலே என்ன எண் இருக்கு பெரியப்பா, இப்ப மூன்று எண் அடியுங்கோ" என்று சொல்ல முடிகிறது. வேறு நகரத்தில் இருந்துகொண்டு உதவுகிறவர்களுக்கு இதைவிட நல்ல வழி நான் பார்க்கவில்லை.

குறையும் உண்டு. செய்தி சுருக்கம், படம் கிடையாது, சில தனியார் சேனல்களில் பக்கத்துக்குப் பக்கம் விளம்பரம். 2025 ஜனவரி 7 அன்று ஏ.ஆர்.டி. சாட்டிலைட்டில் எஸ்.டி. என்கிற பழைய தர ஒளிபரப்பை நிறுத்தியபோது டெக்ஸ்டும் போய்விடும் என்று தெரிந்தவர் ஒருவர் பயமுறுத்தினார். போகவில்லை, எச்.டி. சேனல்களிலும் அது வருகிறது.

லண்டனில் இருக்கிற சித்தப்பாவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பிபிசியின் இதே மாதிரி டெக்ஸ்ட் சேவையான சீஃபாக்ஸ் 1974இல் தொடங்கி 2012 அக்டோபரில் அனலாக்கோடு முற்றாக நின்றது. லண்டனில் அதற்குச் சில மாதம் முன்பே போய்விட்டது. பிறகு சிவப்பு விசை எழுத்துச் சேவைக்குப் பழகினார். 2020 ஜனவரியில் அதையும் மூடப் போனபோது பார்வையற்றோர் அமைப்பு ஒன்று மனு கொடுத்ததால் தள்ளிவைத்தார்கள். அந்த நேரத்தில் பெரியப்பா சித்தப்பாவுக்குத் தொலைபேசியில் பந்தய முடிவு வாசித்துக் காட்டத் தயாராக இருந்தார்.

அடுத்த ரீவி வாங்கும் நாளும் தூரத்தில் இல்லை. இப்போது வருகிற பல ரிமோட்டுகளில் எண் விசையே கிடையாது. '123' என்று ஒன்றை அழுத்தினால் திரையில் எண்கள் வரும், அம்பால் நகர்த்தித் தேர வேண்டும். பெரியப்பாவுக்கு அது சரிவராது. கடையில் படத்தின் கூர்மையைக் காட்டுவதற்கு முன் ரிமோட்டைக் கையில் தரச் சொல்லி, ஏ.ஆர்.டி.யில் டெக்ஸ்டைத் திறந்து 200 அடித்துப் பார்க்கப் போகிறேன். விற்பனைப் பெடியன் சிரிப்பான், சிரிக்கட்டும்.