காசநோய்க்கு இரண்டு புத்தகங்கள்: ஜான் கிரீனா, வித்யா கிருஷ்ணனா?

சானடோரியம் என்பது ஒரு ரயில் நிலையத்தின் பெயர் என்றுதான் சிறு வயதில் நினைத்திருந்தேன். குரோம்பேட்டைக்கும் தாம்பரத்துக்கும் நடுவில் வரும் நிறுத்தம். 1928இல் டாக்டர் சௌரி முத்து அங்கே தொடங்கிய காசநோய் மருத்துவமனையிலிருந்து வந்த பெயர் அது என்று தெரிந்துகொள்ள எனக்குப் பல வருடம் ஆனது. அதைச் சொன்னவர் அப்பா. தனக்கு டி.பி. வந்து குணமான கதையை, என் கல்யாணத்துக்குப் பிறகுதான் முழுதாகச் சொன்னார். அதுவரை எங்கள் வீட்டில் அது "நெஞ்சுச் சளி". அலமாரியின் மேல்தட்டில் அப்பாவுக்கென்று ஒரு தட்டும் டம்ளரும் தனியாக இருந்ததும், எலும்புருக்கி என்ற சொல்லைப் பாட்டி குரலைத் தாழ்த்திச் சொன்னதும் எனக்கு நினைவிருக்கிறது. ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

அதனால் இந்த நோயைப் பற்றி, மருத்துவம் படிக்காதவர்களுக்காக எழுதிய புத்தகம் வந்தால் உடனே வாங்கிவிடுவேன். அண்மையில் ஆங்கிலத்தில் வந்தவற்றில் இரண்டு முக்கியமானவை. ஒன்று, அமெரிக்க நாவலாசிரியர் ஜான் கிரீன் எழுதி 2025 மார்ச்சில் வெளியான 'எவ்ரிதிங் இஸ் டியூபர்குலோசிஸ்'. இன்னொன்று, இந்தியப் பத்திரிகையாளர் வித்யா கிருஷ்ணன் எழுதி 2022இல் வந்த 'ஃபேன்டம் பிளேக்'. ஒன்றுதான் வாங்க முடியும், எதை வாங்கலாம் என்று நண்பர்கள் இருவர் கேட்டார்கள். இருவருக்கும் வேறு வேறு பதில் சொன்னேன். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இரண்டுக்கும் அடித்தளம் ஒன்றுதான். ராபர்ட் கோக் 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் இந்நோயின் கிருமியை அறிவித்தார். 1940களில் ஸ்ட்ரெப்டோமைசின் என்ற மருந்து வந்தது, 1952இல் ஐசோனியாசிட், அறுபதுகளில் ரிஃபாம்பிசின். ஆக, ஐம்பது வருடத்துக்கும் மேலாக இது குணமாக்கக்கூடிய நோய். அப்படியிருந்தும் 2023இல் மட்டும் உலகில் 1.08 கோடிப் பேருக்கு வந்தது, 12.5 லட்சம் பேர் இறந்தார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. புதிதாக நோய் கண்டவர்களில் நான்கில் ஒருவருக்கும் சற்று மேல் இந்தியாவில். மருந்து இருந்தும் ஏன் சாகிறார்கள்? இரண்டு பேரும் இந்தக் கேள்வியைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் ஒருவர் நோயாளியின் படுக்கையருகே உட்கார்ந்து கேட்கிறார். மற்றவர் அந்தப் படுக்கை கிடக்கும் அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இதைக் கட்டியது யார் என்று கேட்கிறார்.

கிரீன் 2019இல் சியரா லியோனுக்குப் போனது பிரசவ கால மரணங்களைப் பற்றித் தெரிந்துகொள்ள. காசநோய் அவர் நினைப்பிலேயே இல்லை. லக்கா என்ற ஊரின் அரசு மருத்துவமனையில் ஒரு பையன் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு வார்டு வார்டாகச் சுற்றிக் காட்டுகிறான். பெயர் ஹென்றி. கிரீனின் மகன் பெயரும் ஹென்றி. ஒன்பது வயது இருக்கும் என்று நினைக்கிறார். பையனுக்குப் பதினேழு வயது என்று பிறகு தெரிகிறது. பட்டினியும் நோயும் சேர்ந்து வளர்ச்சியை நிறுத்திவிட்டிருக்கின்றன. மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய் அவனுக்கு. சிகிச்சைக்கு நடுவில் அப்பா அவனை மருத்துவமனையிலிருந்து கூட்டிக்கொண்டுபோய் ஜெபத்தால் குணமாக்குகிறவரிடம் விடுகிறார். அந்த அப்பாவை கிரீன் திட்டவில்லை. நம்பி ஏமாந்த ஒரு மனிதருக்கு வேறு என்ன வழி இருந்தது என்று பொறுமையாகச் சொல்லிக்கொண்டு போகிறார். எங்கள் வீட்டுத் தனி டம்ளரை அந்த இடத்தில் நினைத்துக்கொண்டேன். பயந்தவர்களைப் பழிக்காமல் பயத்தைப் பற்றி எழுதுவது கடினம். அவருக்கு அது வாய்த்திருக்கிறது.

இளைஞர்களுக்கு எழுதிப் பழகிய கை அவருடையது. அத்தியாயங்கள் சின்னவை. ஒவ்வொன்றின் முடிவிலும் அடுத்ததைப் புரட்டத் தோன்றும். நோயின் வரலாற்றை ஹென்றியின் கதைக்கு இடையிடையே சொருகுகிறார். ஸ்டெட்சன் தொப்பியை உருவாக்கியவர் காசநோயால் மேற்கு அமெரிக்காவுக்குப் போனவர். சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசரைச் சுட்டு முதல் உலகப் போரைத் தூண்டிய காவ்ரிலோ பிரின்சிப்பும் கூட்டாளிகள் இருவரும் இதே நோயோடு சிறையில் செத்தவர்கள். இப்படி நிறைய. சுவையாக இருக்கிறது, ஆனால் சில இடங்களில் வினாடி வினாத் துணுக்குகள் போல ஆகிவிடுகிறது. இருநூறு பக்கம்தான் என்பதால் பெரிய குறையாகப் படவில்லை.

அவர் அழுத்தமாக எழுதியிருப்பது, பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பா இந்த நோயை எப்படி அழகாக்கியது என்பதை. வெளிறிய முகம், மெலிந்த உடம்பு, கீட்ஸ் போன்ற கவிஞர்களின் இளவயது மரணம் எல்லாம் சேர்ந்து, நுண்ணிய மனம் படைத்தவர்களுக்கு வரும் நோய் என்று ஒரு நம்பிக்கை. அதைப் படிக்கும்போது எனக்குப் புதுமைப்பித்தன் நினைவுக்கு வந்தார். படவேலைக்காகப் புனே போய், நோயோடு திரும்பி, 1948 ஜூன் 30 அன்று திருவனந்தபுரத்தில் இறந்தார். வயது 42. நாமும் அந்த மரணத்தை மேதையின் விதி போல எழுதிப் பழகிவிட்டோம். அதே 1948இல், அதே நோயோடு ஸ்காட்லாந்து மருத்துவமனை ஒன்றில் படுத்திருந்த ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல்லுக்கு நண்பர்கள் அமெரிக்காவிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசின் தருவித்தார்கள். ஒவ்வாமையால் அதைத் தொடர முடியாமல் போனதும், இரண்டு வருடத்தில் அவர் இறந்ததும் வேறு கதை. மருந்து கண்டுபிடித்து ஐந்து வருடம் ஆகியிருந்தது, அது யார் கைக்கு எட்டியது என்பதுதான் விஷயம். இந்த முடிச்சு நான் போட்டது, கிரீன் போட்டதல்ல. ஆனால் போட வைத்தது அவர் புத்தகம்.

வித்யா கிருஷ்ணன் புத்தகத்தில் இப்படிக் கையைப் பிடித்து அழைத்துப்போகும் ஆள் கிடையாது. பல வருடம் நாளிதழில் சுகாதாரச் செய்தி எழுதியவர். பத்தொன்பதாம் நூற்றாண்டு நியூயார்க்கின் நெருக்கடியான குடியிருப்புகளில் தொடங்கி இன்றைய மும்பைக்கு வருகிறார். தொடக்கத்தில் வரும் மூடநம்பிக்கைகள், கை வைத்தியங்கள், கிருமிக் கொள்கை பிறந்த கதை எல்லாம் எனக்கு நீளமாகப் பட்டன. அந்தப் பகுதியில் சோர்ந்து மூடி வைத்தவர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்கு என் யோசனை: மும்பையிலிருந்து தொடங்குங்கள்.

ஏனென்றால் புத்தகத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது. குடிசைவாசிகளை மறுகுடியமர்த்தக் கோவண்டி பகுதியில் எழுப்பிய அடுக்குமாடிகளைக் காட்டுகிறார். ஒன்றையொன்று ஒட்டினாற்போல் நெருங்கி நிற்கும் கட்டடங்கள். கீழ்த்தள வீடுகளுக்கு வெயில் இறங்காது, காற்று வராது. காசநோய் காற்றில் பரவுவது. ஜன்னல் திறந்து காற்றோட்டம் இருந்தாலே பரவும் வாய்ப்பு குறையும். அப்படியென்றால் வெளிச்சமில்லாத வீட்டுக்கு அனுமதி கொடுத்த கட்டட விதியும் நோய்க்கு ஒரு காரணம்தானே? நியூயார்க் நூறு வருடத்துக்கு முன்னால் படித்த பாடத்தை மும்பை தலைகீழாக எழுதிக்கொண்டிருக்கிறது என்று அவர் காட்டும்போது படிக்கிற நமக்கும் மூச்சு முட்டுகிறது. அதைப் படித்த பிறகு, சென்னையில் நகருக்கு வெளியே நிற்கும் மறுகுடியமர்வுக் குடியிருப்புகளைத் தாண்டிப் போகும்போதெல்லாம் ஜன்னல்களை எண்ணத் தொடங்கிவிட்டேன்.

அப்புறம் மருந்தின் விலை. ரிஃபாம்பிசினுக்குப் பிறகு ஏறத்தாழ நாற்பது வருடம் காசநோய்க்குப் பெரிய புது மருந்து எதுவும் வரவில்லை. 2012 டிசம்பரில் அமெரிக்கா பெடாகுவிலினுக்கு ஒப்புதல் கொடுத்தது. அதற்குமுன், மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய் வந்தவர்கள் மாதக்கணக்கில் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். அந்த ஊசியால் பலருக்குக் காது கேட்காமலே போனது. புது மருந்து வந்த பிறகும் காப்புரிமை அதை எட்டாத உயரத்தில் வைத்தது. வித்யா இதை மருத்துவ நிறவெறி என்று சொல்லும் அளவுக்குப் போகிறார். வெள்ளை நாடுகளுக்கு ஒரு மருந்து, கறுப்பு, பழுப்பு நாடுகளுக்கு வேறு மருந்து என்ற ஏற்பாடு தற்செயலானதல்ல என்பது அவர் வாதம். பெரும் பணக்காரர்களின் அறக்கட்டளைகளையும் அவர் விட்டுவைக்கவில்லை. கோபம் பொங்கும் பக்கங்களில் அடைமொழிகள் கூடிவிடுகின்றன, ஒரே குற்றச்சாட்டு இரண்டு மூன்று முறை வருகிறது. நல்ல எடிட்டர் ஒருவர் ஐம்பது பக்கத்தைக் குறைத்திருக்கலாம். ஆனாலும் அவர் கோபத்தில் பொய் இல்லை.

இரண்டு புத்தகமும் சந்திக்கும் இடம் ஒன்று உண்டு. ஒப்பிட்டுப் பார்க்க அதைவிடச் சரியான இடம் இல்லை. பாட்னாவைச் சேர்ந்த பதினெட்டு வயதுப் பெண். அப்போது இந்தியாவில் பெடாகுவிலின் ஆறு மையங்களில் மட்டும் கிடைத்தது. டெல்லிக்காரி இல்லை என்று டெல்லியில் அவளுக்கு மருந்தை மறுக்கிறார்கள். அவளுடைய அப்பா உயர் நீதிமன்றத்துக்குப் போகிறார். 2017 ஜனவரியில் மருந்து கிடைக்கிறது. நுரையீரல் அதற்குள் மிகவும் சிதைந்துவிட்டிருந்தது. 2018 அக்டோபரில் இறந்துபோகிறாள். கிரீன் இதை ஹென்றியின் பக்கத்தில் வைக்கிறார். அதே மருந்து ஹென்றிக்கு உரிய நேரத்தில் கிடைத்தது, பிழைத்துப் பல்கலைக்கழகம் வரை போனான். அவளுக்குத் தாமதமாகக் கிடைத்தது. ஒப்பீட்டில் மனம் உடைகிறது. வித்யாவிடம் இதே மரணம் ஒரு வழக்குக் கட்டு. எந்த விதி, எந்த அலுவலகம், எந்தப் பயம் மருந்தைப் பூட்டி வைத்தது என்று ஒவ்வொன்றாகப் பிரித்து வைக்கிறார். கண்ணீர் வராது, ஆனால் தூக்கம் வராது. எனக்கு வித்யா எழுதிய விதமே சரி என்று படுகிறது. அவள் நம் நாட்டில் இறந்தாள், யாரிடம் கேட்க வேண்டும் என்பது நமக்குத் தெரிய வேண்டும்.

கிரீனிடம் எனக்கு உள்ள பெரிய மனத்தாங்கலும் இதையொட்டியதுதான். ஹென்றியின் கதை நல்லபடியாக முடிகிறது. விடாப்பிடியான ஒரு மருத்துவர் கிடைத்தார், மருந்து வந்தது. 2023இல் கிரீனும் அவருடைய வாசகர்களும் கிளப்பிய குரலுக்குப் பிறகு பெடாகுவிலினைத் தயாரிக்கும் நிறுவனம் காப்புரிமை விஷயத்தில் இறங்கிவந்தது; காசநோயைக் கண்டறியும் ஒரு பரிசோதனைக் கருவியின் கார்ட்ரிட்ஜ் விலையும் 9.98 டாலரிலிருந்து 7.97 டாலராகக் குறைந்தது. இதெல்லாம் உண்மை, பெருமைப்பட வேண்டியதும்தான். ஆனால் அதே வருடம் மார்ச்சில் இந்தியக் காப்புரிமை அலுவலகம் பெடாகுவிலினுக்கான காப்புரிமை நீட்டிப்பை நிராகரித்தது. அந்த எதிர்ப்பு மனுவைப் போட்டவர்கள் காசநோய்ச் சிகிச்சையில் செவித்திறனை இழந்த இரண்டு பெண்கள், ஒருவர் மும்பை, ஒருவர் தென்னாப்பிரிக்கா. அமெரிக்க வாசகர்களின் வெற்றியைக் கொண்டாடும்போது இந்த இருவரையும் முதல் வரியில் வைத்துக்கொள்ள வேண்டும். வித்யாவின் புத்தகம் 2022இலேயே வந்துவிட்டதால் இந்தத் தீர்ப்பு அதில் இல்லை. ஜார்க்கண்டில் நடந்த ஆய்வின் முடிவும் இல்லை. நோயாளி வீட்டுக்குச் சத்துள்ள உணவுப்பொருள் கொடுத்தால் குடும்பத்தில் மற்றவர்களுக்கு நோய் வருவது கணிசமாகக் குறையும் என்று 2023இல் வந்த முடிவு அது. புதுப்பித்த பதிப்பு ஒன்று அவசியம் வர வேண்டும்.

இன்னொரு விஷயத்தில் கிரீன் எனக்குப் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொடுத்தார். நோயாளி தினமும் மருத்துவமனைக்கு வந்து, ஊழியர் கண்ணெதிரே மாத்திரை விழுங்க வேண்டும் என்ற முறையை அவர் கேள்வி கேட்கிறார். பசியோடு இருப்பவன் தினமும் பஸ்சுக்குக் காசு கொடுத்து வரவேண்டும், வராவிட்டால் அவனைத்தான் குற்றம் சொல்வார்கள். இந்த முறையின் வேர்களில் ஒன்று நம் சென்னைச் சேத்துப்பட்டில் இருக்கிறது. 1956இல் அங்கே தொடங்கிய ஆய்வு மையத்தில் வாலஸ் ஃபாக்ஸ் குழுவினர், சானடோரியத்தில் படுத்துச் சிகிச்சை பெற்றவர்களையும் வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிட்டவர்களையும் ஒப்பிட்டார்கள். வீட்டுச் சிகிச்சை எந்த வகையிலும் குறைந்ததல்ல என்று 1959இல் வந்த முடிவு உலகெங்கும் சானடோரியங்களின் காலத்தை முடித்துவைத்தது. ஏழை வீட்டிலும் குணமாகலாம் என்று நிரூபித்ததும் சென்னைதான், மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா என்ற கவலையை எழுப்பியதும் சென்னைதான். முதலாவது, நோயாளியை நம்பியது. இரண்டாவது சந்தேகித்தது. அப்பா வீட்டிலிருந்தபடியே குணமானதற்குக் காரணம் அந்த முதலாவது.

சரி, எதை வாங்குவது? பள்ளி, கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளுக்கு, ஆங்கிலம் தட்டுத்தடுமாறிப் படிப்பவர்களுக்கு, வீட்டில் யாருக்காவது நோய் கண்டு பயந்திருப்பவர்களுக்கு கிரீன். ஒலிநூலை அவரே படித்திருக்கிறார், கேட்கவும் இதமாக இருக்கிறது. மருத்துவம், செவிலியம், சமூகப்பணி, பத்திரிகை, கட்டடக்கலை என்று இதோடு ஏதாவது தொடர்பு உள்ள இந்தியர்களுக்கு வித்யா, அதுவும் மும்பை அத்தியாயங்களில் தொடங்கி. எனக்கே எனக்கென்று ஒன்றுதான் என்றால் வித்யாவின் புத்தகத்தை வைத்துக்கொள்வேன்.

கிரீனின் பிரதியை அப்பாவிடம் கொடுத்திருக்கிறேன். ஹென்றி வார்டுகளைச் சுற்றிக் காட்டும் பக்கம் வரைக்கும் வந்திருக்கிறார். அந்தப் பையன் பிழைக்கிறானா என்று நேற்று போனில் கேட்டார். மேலே படியுங்கள் என்று சொல்லிவிட்டேன்.